கிளிங்கன் பாட்டி என்ன சமைப்பாள்?

அன்புள்ள ஐயா,

தெம்பனிசில் வசிக்கிறேன். வயது முப்பத்தெட்டு. பள்ளி நாள்களிலிருந்தே ‘ஸ்டார் டிரெக்’ தொடர்களின் ரசிகன். அவற்றில் வரும் கிளிங்கன் என்ற வேற்றுக்கிரக இனத்தின் மொழியைச் சில ஆண்டுகளாகக் கற்று வருகிறேன். ஓரளவு பேசவும் எழுதவும் வருகிறது. சென்ற மாதம் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் நண்பர்களுக்கு ஒரு கிளிங்கன் விருந்து வைத்தேன். கிளிங்கன்கள் உயிரோடு தின்னும் ‘காக்’ என்ற புழுக்களுக்குப் பதிலாகத் தடித்த அரிசி நூடுல்ஸான பீஹூனைக் கறுப்பு சோயா சாஸிலும் மிளகாய்ச் சம்பலிலும் பிரட்டினேன். இரத்த ஒயினுக்குப் பீட்ரூட் சாறு.

விருந்துக்கு நடுவே வந்த பெரியம்மா, “பெற்ற பிள்ளைக்கு நாலு வரி தமிழ் சொல்லிக்கொடுக்க நேரமில்லை, இல்லாத ஊர்க்காரன் பாஷைக்கு மட்டும் நேரமிருக்கிறதா?” என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். என் மகளுக்கு ஆறு வயது. பெரியம்மா கேட்டது நியாயமா? இல்லாத ஓர் இனத்தின்மேல் வைக்கும் பற்று உண்மையான பற்றுதானா? கடைசியாக, அடுத்த விருந்தில் ‘காக்’கில் பெலாச்சான் என்ற இறால் விழுதைச் சேர்க்கலாமா? தூய்மைவாதிகளான நண்பர்கள் இருவர் கூடவே கூடாது என்கிறார்கள்.

— பெயர் வேண்டாம், தெம்பனிஸ்

அன்புள்ள நண்பருக்கு,

பெரியம்மாவின் வழக்கை முதலில் முடித்துவிடுவோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு, ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு. நம் கூடங்களிலிருந்து தமிழை வெளியே அனுப்பியது கிளிங்கன் அல்ல. மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள் என்று அவர் சொல்வது முழு நியாயம், அதற்கு நீங்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் குற்றத்தைக் கிளிங்கன் தலையில் கட்டியது அநியாயம். கால்பந்து பார்க்கும் அப்பாவிடம் எந்தப் பெரியம்மாவும் இப்படிக் கேட்பதில்லை.

இந்த மொழியை உருவாக்கிய மார்க் ஓக்ரண்டின் கதையை அவரிடம் சொல்லிப்பாருங்கள். ஓக்ரண்ட் மொழியியலாளர். 1977இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டத்துக்கு எழுதியது முட்சுன் என்ற கலிஃபோர்னியப் பழங்குடி மொழியின் இலக்கணம். அதைச் சரளமாகப் பேசிய கடைசி மூதாட்டி அசென்சியோன் சொலோர்சானோ 1930இல் இறந்துவிட்டார். இறப்பதற்கு முன் அவர் சொல்லச் சொல்ல ஜான் ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் எழுதிவைத்த குறிப்புகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. அவற்றை வைத்துத்தான் ஓக்ரண்ட் இலக்கணத்தைக் கட்டினார். பேச ஆளில்லாத மொழிக்கு இலக்கணம் எழுதிய அதே கைதான், 1984இல் வெளிவந்த மூன்றாவது ஸ்டார் டிரெக் படத்துக்காகப் பேச ஆளே பிறக்காத ஒரு மொழிக்கும் இலக்கணம் எழுதியது. மறு ஆண்டே அகராதி வந்தது. 1992இல் ரசிகர்கள் அமெரிக்காவில் கிளிங்கன் மொழிக் கழகம் தொடங்கி ஆய்விதழும் நடத்தினார்கள். முட்சுன் மக்களின் வழித்தோன்றல்கள் இன்று அந்தப் பழைய குறிப்புகளையும் இலக்கணத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு தங்கள் மொழியை மீண்டும் கற்கிறார்கள். விளையாட்டும் கடமையும் ஒரே மேசையில் நடந்திருக்கின்றன.

மொழியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பூமியில் அரிதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஓக்ரண்ட் செயப்படுபொருளை முதலிலும் வினையை நடுவிலும் எழுவாயைக் கடைசியிலும் வைத்தார். ஆங்கிலேயனுக்கு அது தலைகீழ். நமக்கு? “மீனைத் தின்றேன் நான்.” கொஞ்சம் கோபத்தில் இருக்கும் தமிழன் பேசுவதுபோல் இருக்கிறது, அவ்வளவுதான். வினையோடு ஒன்பது வகை ஒட்டுகளை வரிசை மாறாமல் அடுக்குவதும், நாக்கை மடித்து ‘ட’ சொல்வதும் நமக்குப் பெரிய வித்தையா என்ன?

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

கிளிங்கன்கள் 1967இல் தொலைக்காட்சியில் முதன்முதலாக வந்தபோது முகத்தில் கரிய சாயம் பூசிய வில்லன்கள், அவ்வளவுதான். பனிப்போர்க் காலத்து அமெரிக்கருக்கு அவர்கள் யாருக்குப் பதிலாள் என்று சொல்லாமலே விளங்கியது. நெற்றியில் வரம்பு வரம்பாக எலும்பு முளைத்தது 1979 படத்தில். மானம், வீரம், குலப்பெருமை என்று நீங்கள் காதலிப்பதெல்லாம் பெரும்பாலும் 1987க்குப் பின் வந்த தொடர்களின் கொடை. 1988இல் ஒளிபரப்பான ஒரு கதையில் வீரன் ஒருவன் இறக்கிறான். அவன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, தோழர்கள் வானை நோக்கி ஓலமிடுகிறார்கள். அழுகை அல்ல அது. ‘ஒரு வீரன் வருகிறான், எச்சரிக்கை’ என்று மாண்டோருக்கு விடும் அறிவிப்பு. உடலை அவர்கள் பொருட்படுத்துவதே இல்லை, வெறும் கூடு.

புறநானூறு படித்தவனுக்கு இது வேற்றுக்கிரகமாகவா தெரியும்? 278ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் கிழவி, மகன் புறமுதுகிட்டான் என்ற பேச்சைக் கேட்டுக் கொதித்து, வாளோடு களத்தில் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டதும் ‘ஈன்ற ஞான்றினும் பெரிதுவந்தனளே’. அவளைக் கிளிங்கன் கப்பலில் ஏற்றினால் அன்று மாலையே தளபதி ஆகியிருப்பாள்.

ஆனால் நம்மிடம் குறுந்தொகையும் இருக்கிறது. கூடலூர் கிழாரின் 167ஆம் பாட்டை நினைத்துப்பாருங்கள். புதுமணப்பெண் கட்டித் தயிரை விரலால் பிசைகிறாள். அதே விரலைப் புடவையில் துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. புளிக்குழம்பை அவன் ‘இனிது’ என்று உண்கிறான். அவள் முகத்தில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மகிழ்ச்சி. கிளிங்கன்களுக்குப் புறம் நானூறுக்கு மேல் தேறும். அகம் எங்கே? கல்யாணம் உண்டு என்பீர்கள். அதிலும் விருந்தினர்கள் தடியெடுத்து மணமக்களை அடிக்கும் சடங்குதானே வருகிறது! அமெரிக்க மொழியியலாளர் ஒருவர் தன் மகனுக்குப் பிறந்தது முதல் மூன்று ஆண்டுகள் கிளிங்கன் மட்டுமே பேசிப்பார்த்தார். போர்க்கப்பலுக்குச் சொல் இருந்தது, குழந்தையின் அணையாடைக்கு இல்லை. பிள்ளை கொஞ்ச காலம் பேசிவிட்டு விட்டுவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

இங்கேதான் ரசிகர் வருகிறார். படப்பிடிப்புக் குழுவுக்குக் காட்சி முடிந்தால் வேலை முடிந்தது. காய்ச்சலில் கிடக்கும் பேரனுக்குக் கிளிங்கன் பாட்டி என்ன கஞ்சி வைப்பாள் என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டியதே இல்லை. யோசிக்கிறவர்கள் உங்களைப் போன்றவர்கள். ஆகவே உங்கள் பற்று உண்மையானது என்பதோடு நிறுத்த மாட்டேன். அந்த இனம் இருப்பதே உங்களைப் போன்றவர்களின் அடுப்படிகளில்தான் என்பேன். 1996இல் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் கிளிங்கனில் வந்தது. 2010இல் ஹேக் நகரில் கிளிங்கன் இசைநாடகம் அரங்கேறியது. இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் அவையும் வாளும் பழியுமான புறமே. உங்கள் பீஹூன் எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுகிறது.

(பாகுபலிக்காக மதன் கார்க்கி கிளிக்கி என்று ஒரு மொழியையே செய்து கொடுத்தார். காலகேயர் தலைவன் உறுமியதை நாம் ரசித்தோம். அவர்கள் காலையில் என்ன சாப்பிடுவார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கவலைப்பட்டோம்?)

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். ரசிகர்கள் எடுத்த ஒரு படத்தின்மேல் பட நிறுவனம் தொடுத்த வழக்கில், கிளிங்கன் மொழியும் தன் உடைமை என்று உரிமை கொண்டாடியது. 2016இல் மொழி உருவாக்குவோர் சங்கம் ஒன்று, பேச ஆள் இருக்கும் மொழிக்கு யாரும் உரிமையாளர் ஆக முடியாது என்று நீதிமன்றத்தில் மனு கொடுத்தது. மனுவில் ஆங்காங்கே கிளிங்கன் வரிகள்! 2017இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டதால் அந்தக் கேள்விக்குத் தீர்ப்பு வரவில்லை. தீர்ப்புக்குக் காத்திருக்காமல் நீங்கள் சமைத்துவிட்டீர்கள்.

சமையலில் எனக்கு ஒரே ஒரு குறை. விருந்தில் ‘ராக்டஜீனோ’ என்ற கிளிங்கன் காப்பி இல்லையே! உணவங்காடியில் கெட்டியாகக் கலக்கச் சொல்லி, பாலில்லாத ‘கோப்பி ஓ’ ஒன்று வாங்கி வந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துக் கருக வறுத்த கொட்டையின் அந்தக் கசப்பைவிடப் போர்க்குணமுள்ள பானம் விண்மீன் மண்டலத்தில் கிடைக்காது.

பெலாச்சானுக்கு வருகிறேன். மீன்தலைக் கறி சிங்கப்பூரில் எப்படிப் பிறந்தது? கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்ற உணவகக்காரர், மீன்தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காக அதை நம் மசாலாவில் போட்டுக் கொதிக்கவைத்தார். கேரளத்துத் தூய்மைவாதியும் சீனத்துத் தூய்மைவாதியும் அன்று அவர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் இன்று நமக்கு அந்தச் சட்டி கிடைத்திருக்காது. கிளிங்கன்கள் இங்கே குடியேறியிருந்தால் இரண்டாம் தலைமுறையே பெலாச்சான் கேட்டிருக்கும். ஆகவே சேருங்கள். பச்சையாகப் போடாதீர்கள்; சின்னத் துண்டாக நறுக்கி, வாணலியில் எண்ணெய் இல்லாமல் மணம் வரும்வரை வறுத்து, காய்ந்த மிளகாயோடும் சின்ன வெங்காயத்தோடும் இடித்த பிறகு சம்பலில் கலந்துகொள்ளுங்கள். சோயா சாஸில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, தனி உப்பு வேண்டாம். அப்போதும் ஒப்புக்கொள்ளாத நண்பர்கள் இருவரும் உயிருள்ள புழுவை அவரவர் செலவில் வாங்கி வரட்டும்.