உப்புக்காற்றில் பழைய கார்: முன் சீட்டு பற்றிக் கேள்வி பதில்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், உச்சிப்புளிப் பக்கம் கார் குஷன் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய வண்டிகளின் முன் சீட்டைக் கழற்றிப் புதுப்பிப்பது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். விலை மட்டும் கேட்காதீர்கள். வண்டியைப் பார்க்காமல் விலை சொல்கிறவனை நம்பக்கூடாது.

தங்கச்சிமடம்: அண்ணே, 1996 மாருதி 800. டிரைவர் சீட்டின் பின்பக்க போல்ட் இரண்டும் அசையவே இல்லை. ஸ்பேனர் வழுக்கித் தலை பாதி உருண்டுவிட்டது. என்ன செய்ய?

முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள் தம்பி. பாதித் தலை மிச்சமிருப்பதே நல்ல நேரம். அறுமுனை சாக்கெட் வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த தலையை இன்னும் உருட்டிவிடும்.

சீட்டை முழுக்க முன்னால் தள்ளினால் பின் போல்ட் தெரியும். மேலிருந்து எண்ணெய் விட்டால் பெரிதாகப் பயன் இருக்காது. துரு இருப்பது கீழே. தரைத்தகட்டுக்கு அடியில் பற்றவைத்த நட்டு இருக்கும், அதன் வாயில் போல்ட்டின் புரி நீட்டிக்கொண்டு நிற்கும். இத்தனை வருடம் உப்புத் தண்ணீரும் சேறும் தெறித்தது அந்தப் புரியில்தான். வண்டிக்கு அடியில் போய்க் கம்பி பிரஷ்ஷால் அதைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு இரவு விடுங்கள். காலையில் இன்னொரு முறை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வைத்துப் படுங்கள்.

அப்புறம் எடுத்த எடுப்பில் இடப்பக்கம் திருப்பாமல், முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்புங்கள். துருவின் பிடி உடையும். பிறகு கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்தி என்று முன்னும் பின்னுமாக எடுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் போல்ட் முறியும், அல்லது நட்டின் பற்றவைப்பு விட்டுப்போய் போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். முறிந்த போல்ட்டைக்கூட எடுத்துவிடலாம், சுற்றுகிற நட்டுதான் டிங்கர் வரைக்கும் கொண்டுபோய் விடும்.

கேஸ் வைத்துச் சுடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கூடாது. உள்ளே கார்ப்பெட், கீழே பெட்ரோல் குழாய்.

மண்டபம்: ஐயா, ஐஸ் போட்ட மீன் பெட்டியை முன் சீட்டில் வைத்து எடுத்து வந்தோம். கவிழ்ந்துவிட்டது. ஒரு மாதமாகக் காயவைத்தும் சீட்டு ஈரமாகவே இருக்கிறது, நாற்றமும் போகவில்லை.

காயாது. உள்ளே போனது உப்பு. அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா?

சீட்டைக் கழற்றி, கவரை உரித்து, ஃபோமைத் தனியாக எடுங்கள். தண்ணீரில் அமுக்கிப் பிழியுங்கள், தண்ணீரை மாற்றி மறுபடி பிழியுங்கள். சோப்பு ஒரு முறை போதும், தண்ணீர்தான் பல முறை வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: வீட்டு போர் தண்ணீரில் அலசுவார்கள். கடற்கரையில் பாதி போர் உவர்ப்பு. உப்பை எடுக்க உப்புத் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? கடைசி இரண்டு அலசலாவது குழாயில் வருகிற காவிரித் தண்ணீரிலோ, ஐப்பசி கார்த்திகையில் பிடித்த மழைத் தண்ணீரிலோ இருக்க வேண்டும். குடிக்கிற தண்ணீரைக் கார் சீட்டுக்கு ஊற்றுகிறாயா என்று வீட்டில் திட்டு விழும். வாங்கிக்கொள்ளுங்கள்.

உலர்த்துவது நிழலில், காற்றோட்டத்தில். நேர் வெயிலில் நாள்கணக்கில் போட்டால் ஃபோம் மஞ்சளாகிப் பொரிந்து உதிரும். நன்றாக அலசிய பிறகும் நாற்றம் போகவில்லை என்றால் ஃபோமை மாற்றுங்கள். ஈர ஃபோமின் மேல் புதுக் கவர் மட்டும் போடாதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் பல முறை சொல்ல வேண்டி வரும்.

பரமக்குடி: 800-க்கு இரண்டு சீட்டும் மாற்ற எவ்வளவு ஆகும்?

மேலே முதல் பத்தி.

தேவிபட்டினம்: போட்டில் எல்லாம் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்தான் போடுகிறோம், துருப்பிடிப்பதில்லை. கார் சீட்டுக்கும் அதையே போடலாமே?

போல்ட் பளபளவென்று இருக்கும். அதைத் தொட்டிருக்கிற இரும்புத் தகடு சீக்கிரம் அரிக்கும். இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் எளிதில் அரிக்கிற உலோகம்தான் கரையும். நீங்கள் படகில் துத்தநாகக் கட்டி மாட்டுவது இதற்காகத்தானே?

பலமும் ஒரு கேள்வி. சீட்டு போல்ட் மோதலில் ஆளின் எடையைத் தாங்க வேண்டியது. தலையில் 8.8 என்று பொறித்த போல்ட், பழைய போல்ட்டின் அதே விட்டம், அதே புரி, அதே நீளம். சாதா ஹார்ட்வேர் கடை போல்ட் வேண்டாம். சீட் பெல்ட் போல்ட்டையும் கழற்றினால் தனியாக வையுங்கள். பெரும்பாலான கார்களில் அது 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. மில்லிமீட்டர் போல்ட்டை அதில் திணித்தால் நட்டு போச்சு.

துருவுக்கு என்ன வழி என்றால்: புரியில் கிரீஸ் லேசாகத் தடவி இறுக்கிவிட்டு, அடியில் நீட்டுகிற முனைக்கு மெழுகுப் பூச்சு அடியுங்கள். 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டது. அதே காற்றில் நிற்கிற உங்கள் வண்டிக்கு வெறும் கறுப்பு பெயிண்ட் போதுமா?

கீழக்கரை: அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா காலத்து அம்பாசிடர், ஸ்டியரிங்கில் கியர், முன்னால் ஒரே நீள சீட்டு. உள்ளே தேங்காய் நார். சீட்டுக் கடையில் எல்லாரும் நாரைத் தூக்கிப் போட்டு ஃபோம் வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை.

வ அலைக்கும் ஸலாம் காக்கா (அண்ணன்). மனமில்லை என்றால் வைக்க வேண்டாம். அந்த நாரை ரப்பர் பாலில் தோய்த்து அழுத்திச் செய்திருப்பார்கள். நாருக்கு உப்பு ஒன்றும் செய்யாது, கயிறு திரிப்பதற்கே மட்டையை உவர்நீரில் ஊறப்போட்டுத்தான் நார் எடுக்கிறார்கள். கெடுவது ரப்பர். வெப்பத்தில் இறுகி, உடைந்து, தூளாகும். சீட்டைத் தட்டினால் பழுப்புத் தூள் பறக்கிறதா? அப்படியானால் அந்த நார் முடிந்தது, புதிய ரப்பர் நார்த் தகடு வாங்க வேண்டும். மெத்தை செய்கிறவர்களிடம் கிடைக்கும்.

பரமக்குடி: அண்ணே, நார் எல்லாம் அந்தக் காலம். முள்ளாய்க் குத்தும், குழி விழும். 40 டென்சிட்டி ஃபோம் போட்டால் சொகுசாக இருக்கும்.

கடலை விட்டுத் தள்ளியிருக்கிற பரமக்குடியில் உட்கார்ந்து சொல்கிறீர்கள். நான் ஃபோமுக்கு எதிரி இல்லை. 40 டென்சிட்டி நல்லது, கடையில் 32 வைத்துவிட்டு 40 என்பார்கள், கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். ஆனால் கடலோரத்தில் ஃபோம் வியர்வையையும் ஈரத்தையும் உள்ளே பிடித்து வைக்கிறது. நாருக்குள் காற்று ஓடும்.

கீழக்கரை: அதைத்தான் நானும் சொல்கிறேன்!

பரமக்குடி: காற்று ஓடும், கூடவே தூளும் ஓடும். என் மாமா டாக்ஸியில் நாரை எடுத்துவிட்டு ஃபோம் போட்ட பிறகுதான் அவருக்கு முதுகு வலி நின்றது.

சாயல்குடி: ஏன், நம்ம ஊர்ப் பனந்தும்பு போட்டால் என்ன? அதுவும் நார்தானே?

பனந்தும்பு பிரஷ் செய்ய ஏற்றது. விறைப்பு. அதில் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

முதுகு வலிக்கு வருகிறேன். மாமாவின் வலி நாரால் வந்தது இல்லை என்று நினைக்கிறேன், அடியிலிருந்த ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். ஃபோம் மாற்றும்போது கடைக்காரர் ஸ்பிரிங்கையும் சரி செய்திருப்பார். நாரா ஃபோமா என்று அடித்துக்கொள்கிறவர்கள் யாரும் ஸ்பிரிங்கைக் கேட்பதில்லை. காக்கா, உங்கள் சீட்டுக்கு என் யோசனை இது: சட்டத்தைத் துரு நீக்கி ரெட் ஆக்சைடு அடியுங்கள். உடைந்த ஸ்பிரிங்கை மாற்றி, ஒன்றோடொன்று கம்பியால் கட்டுங்கள். மேலே கனமான சாக்குத் துணி. அது இல்லாவிட்டால் ஸ்பிரிங் எதை வைத்தாலும் அறுக்கும். அதன் மேல் புது நார்த் தகடு. உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு அங்குலத்துக்கு மெல்லிய ஃபோம். நாரும் குத்தாது, ஈரமும் தங்காது. பரமக்குடித் தம்பிக்கும் பாதி ஜெயம்.

பரமக்குடி: பாதிதானா?

பாதிதான்.

ஏர்வாடி: ஆம்னி முன் சீட்டு. நானே கழற்றி ரெக்சின் போட முடியுமா?

முடியும். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே இருக்கிற வெப்பம் தடுக்கும் விரிப்பையும் விளிம்பு ரப்பரையும் பழசு என்று வெளியே எறிந்துவிடாதீர்கள். எறிந்தால் சூடும் புகை வாசமும் உள்ளே வரும், புது ரெக்சினும் வெந்து போகும். கேஸ் வண்டி என்றால் ரப்பர் இன்னும் முக்கியம்.

தொண்டி: துரு போல்ட்டுக்கு டபிள்யூடி-40 போடலாமா?

திருப்புல்லாணி: போல்ட் கழலவில்லை, டீசல் விடலாமா?

பெரியபட்டினம்: மண்ணெண்ணெய்?

தங்கச்சிமடம் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். எந்த எண்ணெய் என்பது பெரிய விஷயம் இல்லை, எந்தப் பக்கத்திலிருந்து விடுகிறீர்கள், எத்தனை மணி நேரம் விடுகிறீர்கள் என்பதே விஷயம். துருவுக்கென்றே விற்கிற எண்ணெய் சீக்கிரம் ஊறும், டீசல் மெதுவாக ஊறும். அவ்வளவுதான்.

ராமநாதபுரம்: லெதர் மாதிரி கவர் போட்டோம், சீக்கிரமே தோல் தோலாக உரிகிறது. கடைக்காரர் வெயில் என்கிறார்.

வெயிலும்தான், ஆனால் முதல் காரணம் ஈரம். பியூ லெதர் என்று விற்பதன் மேல்பூச்சு ஈரக் காற்றிலேயே மெல்லச் சிதையும். நம் பக்கத்துக்குப் பழைய பிவிசி ரெக்சின் பெட்டர், அல்லது நெருக்கமாக நெய்த துணி. ரெக்சின் மதியத்தில் சுடும், துண்டு விரித்துக்கொள்ளுங்கள். பழைய கவரை உரித்த கையோடு ஃபோமைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மண்டபத்துக்குச் சொன்னதுதான்.

ராமேஸ்வரம்: 2012 வண்டி. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதியிருக்கிறது. கழற்ற ஏதாவது வித்தியாசம்?

நிறைய. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்த பிறகுதான் சீட்டுக்கு அடியில் இருக்கிற மஞ்சள் பிளக்கைத் தொட வேண்டும். அது கழன்றிருக்கும்போது சாவி போடாதீர்கள், எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். ஏர்பேக் வெளிவருகிற தையலை மறைக்கிற கவர் போடவே கூடாது. இது என் பட்டறை வேலை இல்லை, அந்தக் கம்பெனி சர்வீஸுக்குப் போங்கள்.

தங்கச்சிமடம்: அண்ணே, நான் மறுபடி. ஒரு போல்ட் வந்துவிட்டது! இன்னொன்று சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை.

நட்டு விட்டுப்போய்விட்டது. இனி சுற்றாதீர்கள், தகட்டின் ஓட்டை பெரிதாகும். இன்னொருவரை அடியில் படுக்க வைத்து நட்டை வைஸ் கிரிப்பால் பிடிக்கச் சொல்லி மேலே திருப்புங்கள். நட்டு பெட்டித் தகட்டுக்குள் மறைந்திருந்து பிடி கிடைக்கவில்லை என்றால், போல்ட் தலையை வெட்டிச் சீட்டை வெளியே எடுத்துவிட்டு, தரையை டிங்கரிடம் காட்டுங்கள். போல்ட் இல்லாமல் சீட்டைக் கட்டிவைத்து ஓட்டிப் போக வேண்டாம், அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

முதுகுளத்தூர்: அண்ணே, தோராயமாகவாவது எவ்வளவு ஆகும்?

ஞாயிறு தவிர எந்த நாளும் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள்.