தாத்தாவின் கொம்பும் பாகப் பிரிவினை வழக்கும்

கேள்வி: தாத்தா காலத்துச் சித்திர வேலைப்பாடு செய்த கொம்பு ஒன்றை, போன வருடம் அப்பா இறந்ததும் தம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நான். அது பர்மா வேலை என்று அப்பா சொல்வார். அதன் பூர்வீகத்தை நிரூபித்து, பாகப் பிரிவினை வழக்கில் என் பங்கைக் கேட்கலாமா?

பதில்: அப்பாவை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கும் இந்தக் கொம்புக்கும் சம்பந்தமில்லை. பர்மாவா, வேறெங்காவதா என்பதும் பிறகு. அது எந்த மிருகத்தின் கொம்பு? உங்கள் நீண்ட கடிதத்தில் அது மட்டும் இல்லை.

வீட்டு மாடு, எருமை என்றால் பயமில்லை. நூறு வருடம் தாண்டியிருந்தால் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். காட்டெருமை, மான், காண்டாமிருகம் என்றால் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும். வாரிசாக வந்திருந்தாலும் 90 நாளுக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் அறிவித்திருக்க வேண்டும். அவர் தரும் உரிமைச் சான்று இருந்தாலும் விற்க முடியாது. 'உள்ளே குழி இருக்கிறது, மாட்டுக் கொம்புதான்' என்று பழம்பொருள் வியாபாரி சொன்னால் நம்பாதீர்கள். காட்டெருமைக் கொம்பும் உள்ளே குழிதான். மரபணுப் பரிசோதனைதான் கடைசி வார்த்தை.

வழக்குப் போடுகிறவர்கள் விழுகிற பள்ளம் வழக்குமனுவிலேயே இருக்கிறது. நீதிமன்றக் கட்டணம் குறையும் என்று 'சொத்துகள் கூட்டு அனுபவத்தில் உள்ளன', அதாவது எல்லோர் கைவசமும் இருக்கின்றன என்று எழுதுவது நம் வக்கீல்களின் பழக்கம். தபசிலில், அதாவது மனுவின் சொத்துப் பட்டியலில், 'புராதனக் கொம்பு, மதிப்பு இவ்வளவு' என்று சேர்த்து, போட்டோவும் இணைத்துக் கையெழுத்துப் போடுவீர்கள். கொம்பு தம்பி வீட்டில் இருக்கும்; அனுபவம் உங்களுக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டது நீங்கள். வனவிலங்குச் சட்டத்தின் 57-வது பிரிவுப்படி, வைத்திருந்தது நிரூபணமானால் சட்டவிரோதமாக வைத்திருந்ததாகவே கோர்ட் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது உங்கள் பாடு. அந்தச் சட்டம் அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணை மிருகமானால் 3 முதல் 7 வருடம் சிறை. எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரராக இருந்தால் உங்கள் மனுவின் நகலையே வனத்துறைக்கு அனுப்பிவைப்பார். விலை தெரிந்துகொள்ளலாம் என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதும் இதே ரகம்தான். 'என்ன விலை போகும்' என்ற ஒரு வரியை, விற்க முயன்றதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள்.

எனவே கொம்பை வழக்கில் சேர்க்காதீர்கள். வீடு, நிலம் பற்றித் தம்பியோடு உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளுங்கள். கொம்புக்கு ஈடாகப் பணம் வாங்கவும் வேண்டாம். அப்பாவின் காகிதங்களில் உரிமைச் சான்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், தாமதத்துக்குக் காரணம் சொல்லி இருவரும் சேர்ந்து அறிவியுங்கள். யாருக்கும் வேண்டாமென்றால் அதே சட்டத்தில் 2022 திருத்தத்தில் வந்த 42ஏ பிரிவின்படி அரசிடம் ஒப்படைக்கலாம், இழப்பீடு கிடையாது. சான்று இல்லையென்றால், யாருக்கும் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன் கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீலைப் பாருங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.