மலையில் இருந்தும் மனம் ஓயவில்லையே? – கேள்வி பதில்

கொடைக்கானலிலிருந்தும் மேல்மலை, கீழ்மலை ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு நம் உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார். மனநலப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இப்போது மலைக் கிராமங்களில் ஆலோசனை சொல்லிவருகிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

லாட்ஜ் வரவேற்புப் பணியாளர், கொடைக்கானல்: ஏப்ரல், மே சீசனில் காலை முதல் இரவு பதினொன்று வரை போன் ஓயாது. படுத்தால் உடம்பு அசந்துவிடுகிறது, தலைக்குள் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாருக்கு எந்த அறை, யாருக்கு முன்பணம் திருப்ப வேண்டும் என்று. எப்படி நிறுத்துவது அக்கா?

மறந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் மூளை ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதை ஒரு தாளில் எழுதிவிட்டால் அந்தப் பயத்துக்கு வேலை இல்லை. படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை எழுதுங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. ஆகவே ‘முன்பணம்’ என்று ஒரே சொல்லில் விட்டுவிடாமல், ‘காலை ஏழு மணிக்கு மாடி அறைக்காரருக்கு ஆயிரம் ரூபாய் திருப்ப வேண்டும்’ என்று முழுதாக எழுதுங்கள். போனில் எழுத வேண்டாம். போனைத் திறந்தால் மறுபடியும் வேலைக்குள் போய்விடுவீர்கள்.

இன்னொன்று. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டீயும் காபியும் குடிக்கிறோம். குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். மாலை நான்கு மணிக்குப் பிறகு வெந்நீரோ சுக்குத் தண்ணீரோ போதும்.

பூண்டு விவசாயி, பூம்பாறை: வடுகபட்டி சந்தையில் விலை இறங்கினால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நகையை அடகு வைத்து விதைப்பூண்டு வாங்கியிருக்கிறேன். எல்லோரும் ‘கவலைப்படாதே’ என்கிறார்கள். கவலைப்படாமல் எப்படி இருப்பது?

ஐயா, கவலைப்படாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. வீட்டு நகை அடகில் இருக்கும்போது கவலை வரத்தான் செய்யும். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் ‘என்னால் அதுகூட முடியவில்லையே’ என்று இன்னொரு பாரமும் சேர்ந்துகொள்கிறது.

உங்கள் கவலைக்குள் இரண்டு வகை கலந்து கிடக்கிறது. ஒன்று, கை வைத்துச் செய்யக்கூடியது: வட்டி எந்தத் தேதியில் ஏறுகிறது, அதே நகைக்குக் கூட்டுறவு வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்குமா, எல்லா மூட்டையையும் ஒரே சந்தை நாளில் இறக்காமல் ஒரு பங்கைக் காயவைத்து நிறுத்த முடியுமா. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை நம்பி நேரடியாக வாங்குகிறவர்களைத் தேடுவதும் இந்த வகைதான். மற்றது வெறும் உருட்டல்: ‘போன வாரமே விற்றிருக்கலாமே’, ‘மழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்’. இரண்டும் கலந்தே வருவதால், உருட்டிக்கொண்டிருப்பதையே ஏதோ வேலை செய்துகொண்டிருப்பதாக மனம் நினைத்துக்கொள்கிறது.

பிரிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. தாமஸ் போர்க்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவும் 1983இல் எழுதியது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்க வேண்டும். மாலை ஐந்து மணி, தோட்டத்து வரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கை மட்டும் வேண்டாம். அந்த அரை மணியில் கவலையை எல்லாம் எழுதி, செய்யக்கூடியவற்றுக்கு எதிரே தேதி போடுங்கள். மற்ற நேரத்தில் அதே நினைப்பு வந்தால் ‘இது ஐந்து மணிக்கு உரியது’ என்று ஒத்திப்போட்டுவிட்டு, கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். முதல் சில நாட்கள் மனம் கேட்காது, அதற்காக விட்டுவிடாதீர்கள். இரவில் விழித்து இருபது நிமிடத்துக்கு மேல் புரண்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கும்போது மறுபடி படுங்கள். படுத்தபடியே புரண்டால், பாயைப் பார்த்ததும் கவலை வருவது பழக்கமாகிவிடும்.

பிளஸ் டூ மாணவர், பண்ணைக்காடு: தேர்வு அறைக்குள் நுழைந்ததும் நெஞ்சு படபடக்கிறது. படித்தது எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

தம்பி, அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரப்பதால் வரும் படபடப்பு அது. ஓடுவதற்கு உடம்பு தயாராகிறது. உனக்கோ உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். வேகஸ் என்ற நரம்பின் வேலை அது. ஆகவே வெளிமூச்சை நீளமாக்கு. மூக்கால் நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். தலை சுற்றினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள். கேள்வித்தாள் வரும் வரை இதைச் செய்.

‘பதறக் கூடாது’ என்று உன்னையே அதட்டாதே. 2014இல் ஹார்வர்டில் நடந்த ஆய்வொன்றில், ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் மேடைப் பேச்சை நன்றாகச் செய்தார்கள். கணக்குத் தேர்வுக்கும் அந்த உற்சாகப் பேச்சு உதவியது. நன்றாகத் தெரிந்த கேள்வியை முதலில் எழுது. கை ஓடத் தொடங்கினால் நினைவும் திரும்பும்.

வாடகைக் கார் ஓட்டுநர், வத்தலக்குண்டு சாலை: வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே வண்டிகள் நின்றுவிட்டால் ஒரு மணி நேரம்கூட ஆகிறது. மலைக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) வந்த பிறகும் சீசனில் அதே கதை. கோபம் தலைக்கு ஏறி, வீட்டில் போய்க் கொட்டிவிடுகிறேன்.

வண்டி நிற்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். ஸ்டீயரிங்கை ஐந்து வினாடி இறுக்கிப் பிடித்துச் சட்டென்று விடுங்கள். தோள்களைக் காதுவரை தூக்கித் தொங்க விடுங்கள். பற்களைக் கடித்திருக்கிறீர்களா என்று பார்த்துத் தாடையைத் தளர்த்துங்கள். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சியின் சுருக்கம் இது. கண்ணை மூட வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் ஓடும்போது எந்தப் பயிற்சியும் வேண்டாம். பாதையைப் பார்ப்பதே போதும்.

வீட்டுக்குள் நுழையும் முன் பத்து நிமிடம் நடந்துவிட்டுப் போங்கள். கோபத்துக்காகத் தயாரான உடம்பு தணிய அந்த இடைவெளி உதவும். உள்ளே போனதும், ‘இன்றைக்கு ரோடு மோசம், கொஞ்சம் விடு’ என்று வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள்மேல் அல்ல கோபம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மென்பொருள் பணியாளர், சென்னையிலிருந்து வில்பட்டிக்கு வந்தவர்: நிம்மதிக்காக இங்கே குடிவந்தேன். ஜன்னலைத் திறந்தால் மேகம். ஆனால் பதற்றம் குறையவில்லை.

அதே வேலை, அதே பன்னிரண்டு மணி நேரம், அதே திரை. மாறியது ஜன்னல் மட்டும். வேலை முடியும் நேரத்தை முதலில் வரையறுத்துக்கொள்ளுங்கள். காட்டில் நடப்பது உண்மையிலேயே நல்லது. ஜப்பானின் வனத்துறை 1982இல் ‘ஷின்ரின் யோகு’ (வனக் குளியல்) என்று பெயரிட்டு அதை மக்களுக்குப் பரிந்துரைத்தது. போனை வீட்டில் வைத்துவிட்டு, பைன் மர வாசனை, காற்றின் ஓசை, காலடி மண் என்று கவனித்து நடக்க வேண்டும். காலை வெயில் ஏறிய பிறகு போங்கள். பொழுது சாய்ந்தால் காட்டுமாடுகள் பாதைக்கு வரும், தனியாகப் போகாதீர்கள்.

பள்ளி ஆசிரியை, பெருமாள்மலை: தியானம் செய்ய உட்கார்ந்தால் மற்ற நேரத்தைவிட அதிகமாக மனம் அலைகிறது. என் மனத்துக்குத் தியானம் ஒத்துவராதோ?

ஒத்துவரும். மற்ற நேரத்திலும் இதே அளவு அலைகிறது. வேலை மும்முரத்தில் நீங்கள் பார்ப்பதில்லை. உட்கார்ந்ததும் தெரிந்துவிடுகிறது. பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் பலரும் அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுகிறார்கள், அதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

மனத்தை வெறுமையாக்க முயன்றால் தோற்பீர்கள். டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன்பின் நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அவர்களுக்குக் கரடி அதிகம் வந்தது. எண்ணத்தைத் தள்ளத் தள்ள அது பலம் பெறுகிறது.

உங்கள் ஊரிலேயே போதி ஜென்டோ இருக்கிறது. இயேசு சபைத் துறவி ஆமா சாமி நிறுவிய ஜென் (பௌத்தத்தின் ஒரு பிரிவு) தியான மையம். ஜென் மரபில் தொடக்கக்காரர்களுக்குக் கொடுக்கும் முதல் பயிற்சி மூச்சை எண்ணுவது. ஒன்றிலிருந்து பத்து வரை. பிறகு மீண்டும் ஒன்று. நடுவில் மனம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதா, ‘போய்விட்டது’ என்று கண்டுகொண்டு ஒன்றுக்குத் திரும்புங்கள். பத்தை எட்டுவது இலக்கு அல்ல. போனதைக் கண்டுகொண்டு திரும்பும் அந்த ஒரு கணம்தான் பயிற்சி. நூறு முறை போனால் நூறு முறை பயிற்சி. உட்கார்ந்து அலுத்தால் எழுந்து மெல்ல நடந்துகொண்டே கவனிக்கலாம், ஜென்னில் அதற்கும் இடம் உண்டு. முதலில் ஐந்து நிமிடம் போதும். பழைய பெரும் துயரம் ஏதாவது மேலெழுந்து வந்து உலுக்கினால் மட்டும் தனியாகத் தொடராமல், பயிற்சி தருபவரிடம் பேசுங்கள்.

மன்னவனூர் பாட்டி (பேத்தி எழுதியது): மகன் திருப்பூரில் இருக்கிறான். போன் வராவிட்டால் ஏதோ ஆகிவிட்டது என்றே தோன்றுகிறது.

அம்மா, மகனிடம் ஒரு நேரத்தைப் பேசிவையுங்கள், இரவு எட்டு மணி என்று. மலையில் சில நாள் சிக்னல் போய்விடும் என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: அன்று வராவிட்டால் மறுநாள் காலை. நடுவில் நீங்களாக அழைத்து அழைத்துப் பார்த்தால் அந்த நிமிடம் நிம்மதியாக இருக்கும். அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வரும். எட்டு மணிக்கு முன்பு அக்கம்பக்கத்தில் யாருடனாவது உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.

காபித் தோட்டத் தொழிலாளி, தாண்டிக்குடி: மனச்சுமை தாங்கவில்லை, குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்கிறார் என் வீட்டுக்காரர். பல வருடமாக தினமும் குடிக்கிறார். நாளையிலிருந்து நிறுத்தச் சொல்லி சாமி மேல் சத்தியம் வாங்கப்போகிறேன்.

கொஞ்சம் பொறுங்கள் அம்மா, இது மிக முக்கியம். பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, மனக்குழப்பம்கூட வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். சத்தியம் வாங்குவதற்கு முன் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மருந்தின் துணையோடு பாதுகாப்பாக நிறுத்தலாம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. மது சீக்கிரம் தூங்கவைக்கும். ஆனால் பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும். போதை இறங்கும்போது பதற்றம் முன்பைவிடக் கூடும். அதை அடக்க மறுநாளும் குடிக்கத் தோன்றும். மனச்சுமைக்கு மருந்து என்று அவர் நினைப்பதே சுமையில் பாதியாக இருக்கலாம். இதைச் சண்டைக்கு நடுவே சொல்லாதீர்கள், அவர் தெளிந்திருக்கும் காலை நேரத்தில் சொல்லுங்கள். அவர் குடிப்பது உங்கள் குற்றமும் இல்லை. அடித்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.

கடைக்காரர், கொடைக்கானல்: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? தூக்க மாத்திரையை நானே வாங்கிப் போடலாமா?

நீங்களாக வாங்கக் கூடாது. பல தூக்க மாத்திரைகள் பழக்கமாகிவிடும். திடீரென்று விட்டாலும் தொல்லை.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் ஈடுபாடில்லாமை, காரணமில்லாத அழுகை இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். படபடப்போடு உடல் எடையும் குறைந்தால் தைராய்டு பரிசோதனை தேவை. இரத்தசோகையாலும் படபடப்பு வரும். எல்லாமே மனசுதான் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் உடனே மருத்துவமனை. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது; 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இரு குழந்தைகளின் தாய், பூண்டி: நீங்கள் சொல்லும் ஐந்து நிமிடம்கூட எனக்குத் தனியாகக் கிடைப்பதில்லை. விடிந்தால் அடுப்பு, தண்ணீர், பிள்ளைகள், தோட்டம், மாமியாருக்கு மருந்து.

உங்களுக்கு முதலில் வேண்டியது மூச்சுப் பயிற்சி இல்லை, ஆள் துணை. ஒருவர் தலையில் நான்கு பேர் வேலை இருக்கிறது. மாமியாரின் மருந்து வேளையை உங்கள் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும். ‘கொஞ்சம் உதவுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் நடக்காது; ‘காலை எட்டு மணி மாத்திரை உங்கள் பொறுப்பு’ என்று ஒன்றைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். அதை அவர் தாமதமாகச் செய்தாலும் நீங்கள் எழுந்து போய்ச் செய்துவிடாதீர்கள், ஒரு நினைவூட்டல் போதும். அது பழகியதும் இன்னொரு வேலையைக் கைமாற்றுங்கள். குடம் நிறையும் வரை குழாயடியில் நிற்கிறீர்களே, அந்த நேரத்தில் தோளைத் தளர்த்தி, வெளிமூச்சை நீளமாக விடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை.