பொருக்கோடு வந்த முடி இருக்கட்டும், அந்தக் கறுப்புத் திட்டை இன்றே காட்டுங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 36. முன்தலையிலும் நடுத்தலையிலும் முடி மாற்று சிகிச்சை செய்து இன்று பத்தாவது நாள். பின்தலையிலிருந்து மயிர்க்காலோடு எடுத்து நடும் சிறு துணுக்குகள், அதாவது கிராஃப்ட், 2,800 வைத்தார்கள். நெற்றியில் வந்த வீக்கம் வடிந்துவிட்டது. பின்தலை மரத்துப்போயிருக்கிறது. அரிப்பு தாங்க முடியவில்லை. நேற்று காலை தலையணையில் பொருக்குகளோடு பத்துப் பன்னிரண்டு முடிகள் கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக ஒரு குமிழ். நட்டதெல்லாம் வேரோடு போய்விட்டதா? பயத்தில் ஐந்து நாளாகத் தலைக்குத் தண்ணீர் விடவில்லை. மருந்துக்கடையில் கேட்டு ஒரு க்ரீம் தடவுகிறேன். வீடியோ பார்த்து, முடி வளரத் தடவும் மினாக்ஸிடில் மருந்தையும் ஆரம்பித்துவிட்டேன். நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடத்தில் மட்டும் பொருக்கு கறுப்பாக, கெட்டியாக இருக்கிறது. அது கடைசியில் உதிரும் என்று நினைக்கிறேன். சிகரெட்டைக் குறைத்துவிட்டேன்.

பதில்: போகவில்லை. தலையணையில் கிடந்தவை முடித்தண்டுகள் மட்டுமே. புது முடியை முளைக்க வைக்கும் மயிர்க்கால் தோலுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் பார்த்த வெள்ளைக் குமிழ், தண்டின் அடிநுனியும் அதைச் சுற்றியிருந்த மெல்லிய உறையும்தான். பலர் அதை ‘வேர்’ என்று நினைத்துப் பதறிவிடுகிறார்கள். சாதாரணமாகத் தலை சீவும்போது உதிரும் முடியை எடுத்துப் பாருங்கள், அதிலும் அதே குமிழ் இருக்கும்.

கிராஃப்டே பிடுங்கிக்கொண்டு வந்தால் அதன் அடையாளம் வேறு. முடியைச் சுற்றி ஈரமான, சதைநிறத் துணுக்கு ஒட்டியிருக்கும், வந்த இடத்தில் ரத்தம் கசியும். அப்படி நடக்க வாய்ப்புள்ளது முதல் சில நாட்களில்தான். கிராஃப்ட் தோலில் எப்போது பிடித்துக்கொள்கிறது என்பதை பெர்ன்ஸ்டைன், ராஸ்மன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் நேரடியாகவே இழுத்துப் பார்த்துச் சோதித்து 2006ல் வெளியிட்டார்கள். ஆறாவது நாளிலிருந்து முடியைப் பிடித்து இழுத்தாலும் கிராஃப்ட் வரவில்லை. ஒட்டியிருக்கும் பொருக்கை இழுத்தால் ஆபத்து இன்னும் சில நாள் நீடித்தது. ஒன்பதாவது நாளில் அதுவும் இல்லை. உங்களுக்கு இன்று பத்தாவது நாள். தூக்கத்தில் தலையணையில் உரசியதால் நட்டது பிடுங்கிக்கொண்டு வந்திருக்குமோ என்ற கவலையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த மாதம் இதே பயத்தோடு எழுதுவீர்கள். இரண்டாவது வாரத்திலிருந்து ஒன்றரை, இரண்டு மாதம் வரை நட்ட முடியில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். இடம் மாறிய அதிர்ச்சியில் மயிர்க்கால்கள் ஓய்வுக்குப் போகின்றன, அவ்வளவுதான். சிகிச்சைக்கு முன்பு இருந்த பழைய முடியில்கூடக் கொஞ்சம் கொட்டலாம். மூன்று, நான்கு மாதத்தில் மெல்லிய முடியாக முளைக்க ஆரம்பித்து, கிட்டத்தட்ட ஒரு வருடத்தில்தான் முழுப் பலன் தெரியும். உச்சந்தலையில் இன்னும் தாமதமாகும். இடையில் தினமும் கண்ணாடி முன் நின்று போட்டோ எடுத்து ஒப்பிடுவதால் ஒரு முடியும் சீக்கிரம் முளைக்காது.

வீக்கம் வடிந்துவிட்டது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மரத்துப்போனது, சிறு நரம்புகள் அறுபட்டதால். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் தானாகச் சரியாகும். அரிப்பு புண் ஆறும்போது வருவது. உங்கள் விஷயத்தில், ஐந்து நாளாகக் கழுவாமல் காய்ந்து இறுகிய பொருக்கும் அதற்குக் காரணம். நகத்தால் சொறியாதீர்கள். தாங்க முடியாவிட்டால் அரிப்புக்கான மாத்திரையை உங்கள் மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிக்கு வருகிறேன். நடுத்தலையில் கறுப்பாக, கெட்டியாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு திட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் எனக்குக் கவலை தந்தது இது ஒன்றுதான். இதற்காக நீங்கள் இன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாரக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம்.

சாதாரணப் பொருக்கு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒவ்வொரு முடியின் அடியிலும் குண்டூசித் தலை அளவுக்குத் தனித்தனிப் புள்ளியாக, செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தோல் தெரியும். தண்ணீரில் பத்து நிமிடம் ஊறினால் இளகி நிறம் வெளுக்கும். ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். கழுவாமல் விட்டால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தடித்துப்போகலாம், அதுவும் பார்க்கக் கறுப்பாகவே இருக்கும். உங்களுடையது அதுவாக மட்டும் இருந்தால் எனக்கு நிம்மதிதான்.

ஆனால் அந்த இடத்துத் தோலே செத்துப்போயிருந்தால் வேறு மாதிரி தெரியும். அது புள்ளிகளின் கூட்டமாக இருக்காது, ஒரே தகடாக இருக்கும். ஓரம் கோடு கிழித்த மாதிரி துல்லியமாகத் தெரியும். ஊறவைத்தாலும் இளகாது. சுற்றியுள்ள தோல் சாம்பல் நிறத்திலோ கருநீலமாகவோ மங்கியிருக்கும். மாநிறத்திலும் கருநிறத்திலும் உள்ளவர்களுக்கு இந்த நிறமாற்றம் எளிதில் கண்ணுக்குப் படாது, பக்கத்துத் தோலோடு நல்ல வெளிச்சத்தில் ஒப்பிட்டால்தான் புலப்படும். பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே அந்த இடம் நிறம் மங்கி, பிறகு கறுத்து இறுகும். மற்ற இடங்களில் வலி நாளுக்கு நாள் குறைய, அங்கே மட்டும் கூடலாம். நரம்பும் மரத்துப்போயிருந்தால் வலி தெரியாமலே போகலாம். அதனால் வலி இல்லையே என்று சமாதானம் ஆகிவிடாதீர்கள். இதைத்தான் நெக்ரோசிஸ் என்கிறோம், ரத்தம் போதாமல் திசு மடிவது. அரிதானது. இணையத்தில் அந்தப் படங்களை மட்டுமே பொறுக்கிப் போட்டு, முடி மாற்று செய்தாலே தலை அழுகிவிடும் என்பது போலப் பயமுறுத்துகிறார்கள், அதை நம்ப வேண்டாம். அரிதானது என்பதற்காக, அதன் அடையாளத்தோடு பொருந்தும் ஒரு திட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது.

இடமும் எனக்கு உறுத்துகிறது. தலைத்தோலுக்கு ரத்தம் சுற்றிலும் இருந்து வருகிறது. முன்னால் நெற்றி வழியாக, பக்கவாட்டில் நெற்றிப்பொட்டு வழியாக, பின்னால் பிடரிப் பக்கமிருந்து. நடுத்தலை எல்லாக் குழாய்களுக்கும் கடைக்கோடி. அங்கே நெருக்கமாகத் துளைகள் போட்டு, ரத்தம் கசியாமல் இருக்கக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் கலந்த ஊசியும் போட்டிருக்கும்போது, ஏற்கெனவே ஒடுங்கிய ரத்த ஓட்டம் இன்னும் குறையலாம். அதன்மேல் சிகரெட்டும் சேர்ந்தால்?

சிகரெட்டைக் குறைத்துவிட்டேன் என்பதை ஒரு நல்ல செய்தி போல எழுதியிருக்கிறீர்கள். நட்ட மயிர்க்காலுக்கு முதல் சில நாட்கள் சொந்த ரத்தக் குழாய் கிடையாது, சுற்றியுள்ள திசுவிலிருந்து கசிந்து வருவதை வைத்தே உயிர் பிழைக்கிறது. நிக்கோட்டின் அந்தச் சுற்றுப்புறக் குழாய்களைச் சுருக்கும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தம் சுமந்து வர வேண்டிய ஆக்சிஜனையும் குறைத்துவிடும். நாளுக்குப் பத்து பிடித்தவர் மூன்றாகக் குறைத்தாலும் அந்த மூன்றும் இந்த வேலையைச் செய்யும். அந்தத் திட்டு என்னவென்று தெரிந்து, ஆறி முடியும் வரை ஒன்றுகூட வேண்டாம். நிக்கோட்டின் சூயிங்கமும் வேண்டாம், அதுவும் நிக்கோட்டின்தான். தாக்குப்பிடிக்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நிக்கோட்டின் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன. சர்க்கரை நோய் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் புண் ஆறுவது இன்னும் தாமதமாகும், இன்றே ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

சிகிச்சை செய்தவரிடமே முதலில் போங்கள். எங்கே, எவ்வளவு நெருக்கமாக நட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும். தொலைபேசியில் கூப்பிட்டு ‘நடுவில் ஒரே தகடாகக் கறுத்திருக்கிறது’ என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் அனுப்புங்கள். பொருக்கு உதிரவில்லை என்று மட்டும் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் இன்னும் நாலு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. நேரில் பார்க்க முடியாது, படம் போதும் என்று தட்டிக்கழித்தால், தோல் நோய் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ இன்றே போய்விடுங்கள்.

போவதற்குள் அந்தத் திட்டை உரிக்கக் கூடாது. அழுத்திப் பார்ப்பதும் ஊறவைத்துத் தேய்ப்பதும் வேண்டாம். அடியில் ஆறிக்கொண்டிருக்கும் புண்ணுக்கு அந்தக் கறுப்பு ஓடுதான் இப்போதைக்கு மூடி. எப்போது, எவ்வளவு நீக்குவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். சின்னத் திட்டாக இருந்தால் முறையான பராமரிப்பில் சில வாரங்களில் ஆறும். தழும்பு நின்றாலும், பல மாதம் கழித்து அங்கே திரும்பவும் முடி நட வழி உண்டு. கவனிக்காமல் விட்டுக் கிருமி சேர்ந்தால்தான் புண் ஆழமாகி, அக்கம்பக்கத்து மயிர்க்கால்களும் பறிபோகும். சீழ், நாற்றம், பரவும் சிவப்பு, காய்ச்சல் இதில் ஒன்று இருந்தாலும் இரவு என்றால் இரவிலேயே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்த க்ரீமை நிறுத்துங்கள். பெயரை எழுதவில்லை, ஆனால் தலையில் பொருக்கு, அரிப்பு என்று மருந்துக்கடையில் சொன்னால் பெரும்பாலும் கையில் கிடைப்பது ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் பூஞ்சைக்கொல்லியும் ஒன்றாகக் கலந்த டியூப். ஸ்டீராய்டு அரிப்பைச் சட்டென்று அடக்கும், அதனால் மருந்து வேலை செய்கிறது என்று தோன்றும். கூடவே புண் ஆறுவதைத் தாமதமாக்கும். கிருமித்தொற்று வந்தாலும் சிவப்பையும் வீக்கத்தையும் மறைத்துவிடும். நாங்கள் நம்பிப் பார்க்கும் அடையாளங்களே அவைதான். உங்கள் தலையைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒருவர், பத்து நாள் ஆன அறுவை சிகிச்சைப் புண்ணுக்கு மருந்து கொடுக்கிறார், நீங்களும் வாங்கித் தடவுகிறீர்கள். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மினாக்ஸிடிலையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். நல்ல மருந்துதான், பிறகு தேவைப்படலாம். ஆனால் அந்தக் கரைசலில் பெரும்பாலும் ஆல்கஹாலும் ப்ரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவமும் இருக்கும். ஆறாத தோலில் எரிச்சலையும் அரிப்பையும் அதுவே கிளப்பும். எப்போது ஆரம்பிப்பது என்பதை உங்கள் தலையைப் பார்த்த மருத்துவர் சொல்ல வேண்டும், வீடியோவில் பேசுகிறவர் அல்ல. மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் இருந்தால் அதை மட்டும் அவர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள்.

கறுப்புத் திட்டைத் தவிர்த்து மீதித் தலையை இன்றிலிருந்து கழுவ ஆரம்பியுங்கள், கழுவாமல் இருப்பதுதான் இப்போது கெடுதல். பொருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தங்கினால் அடியில் அழுக்கும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து மயிர்க்கால்களில் கொப்புளம் கிளம்பும். வெதுவெதுப்பான தண்ணீரை மக்கில் எடுத்து மெதுவாக ஊற்றி, மென்மையான ஷாம்புவைக் கையிலேயே நுரைத்துத் தலையில் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் விரல் நுனியின் சதையால், நகம் படாமல், சின்னச் சின்ன வட்டமாகத் தடவுங்கள். வருவது வரட்டும், வராததை நாளைக்குப் பார்க்கலாம். ஷவரைத் திறந்து நேராகத் தலையில் அடிக்க விடாதீர்கள். துவட்டும்போது துண்டால் ஒற்றி எடுங்கள். இப்படித் தினமும் ஒரு முறை செய்தால் நான்கைந்து நாளில் தலை சுத்தமாகிவிடும். நுரையோடு நிறைய முடியும் வரும். அதை எண்ண வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த க்ரீம் டியூப்பையும் மினாக்ஸிடில் புட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை நாள் தடவினீர்கள், சிகிச்சைக்குப் பிறகு எந்த நாளில் முதல் சிகரெட் பிடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டிவிடுவார் என்று சொல்லாமல் விட்டால், அவர் தவறான கணக்கில் மருந்து எழுத நேரிடும்.