மஞ்சள் பின்னை எதில் செருகுவது?

டிவிடி பிளேயர், செட்டாப் பாக்ஸ், டிவி... நடுவில் எந்த வயர்? இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்குமேல் இதுதான். ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

கே: 2007-இல் எடுத்த எங்கள் கல்யாண டிவிடியைப் புது 43 இன்ச் 4கே டிவியில் போட்டோம். முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி இருக்கிறது. பிளேயரில் மஞ்சள் பின், எஸ்-வீடியோ, சிவப்பு-பச்சை-நீலம், ஹெச்.டி.எம்.ஐ. என்று நாலு வழி இருக்கிறது. இப்போது மஞ்சளில் போட்டிருக்கிறோம். (தஞ்சாவூர் வாசகி)

முதலில் மஞ்சளைக் கழற்றுங்கள். டிவிடியில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகத்தான் பதிவாகியிருக்கின்றன. மஞ்சள் வயரில் அனுப்புவதற்காகப் பிளேயர் இரண்டையும் கலக்கிறது, டிவி மறுபடி பிரிக்கிறது. காபியைக் கலந்துவிட்டு, பாலை மட்டும் தனியாக எடு என்றால் எப்படி? உங்கள் டிவிடியிலேயே பார்க்கலாம். பட்டுப்புடவையின் நெருக்கமான ஜரிகைக் கட்டத்தில் இல்லாத வானவில் நெளியும். சிவப்பு எழுத்தில் பெயர் வரும்போது ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளிகள் நகரும். இரண்டுமே சரியாகப் பிரிக்க முடியாததால் வருபவை.

எஸ்-வீடியோ இந்த இரண்டையும் தனித்தனிக் கம்பியில் அனுப்பும். சிவப்பு-பச்சை-நீலம், அதாவது கம்போனென்ட், நிறத்தையும் இரண்டாகப் பிரித்து அனுப்பும். ஹெச்.டி.எம்.ஐ.யில் டிஜிட்டலாக இருப்பது டிஜிட்டலாகவே போய்ச் சேரும். அதனால் ஹெச்.டி.எம்.ஐ.தான். அது வேலை செய்யவில்லை என்றால் கம்போனென்ட். எஸ்-வீடியோ துளை உங்கள் புது டிவியில் அநேகமாக இருக்காது, அதை மறந்துவிடலாம்.

ஆனால் மெழுகு முழுக்கப் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் ஊர் டிவிடியில் ஒரு படச்சட்டத்துக்கு 720 x 576 புள்ளிகள். உங்கள் டிவியில் 3840 x 2160. கணக்குப் போட்டால் சரியாக 20 மடங்கு. டிவிடி தருவது ஒரு புள்ளி என்றால், மீதி பத்தொன்பதும் ஊகம்தான். அந்த ஊகத்தைப் பிளேயர் செய்யலாம், டிவியும் செய்யலாம். பிளேயரின் செட்டப்பில் 576பி வைத்து (ஊகம் டிவியுடையது) ஒரு முறை, 1080பி வைத்து (முதல் ஊகம் பிளேயருடையது) ஒரு முறை பாருங்கள். கண்ணுக்கு எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். டிவியின் பிக்சர் மெனுவில் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிட்டு ஷார்ப்னஸைக் குறையுங்கள். பாதி மெழுகு அதில்தான் இருக்கும். கையோடு ஸ்கிரீன் அளவை 4:3 ஆக்குங்கள். மணப்பெண் அன்றைக்கு அவ்வளவு குண்டாக இருந்திருக்க மாட்டார்.

கே: படம் வருகிறது, ஆனால் கறுப்பு வெள்ளையில். டிவி போய்விட்டதா? (விருதுநகர் வாசகர்)

இல்லை. மஞ்சள் பின்னைப் பச்சைத் துளையில் செருகியிருப்பீர்கள். கம்போனென்ட்டின் பச்சையில் போவது பச்சை நிறமல்ல, வெளிச்சம். டிவி அதை மட்டும் எடுத்துக்கொண்டு நிறம் வரும் வரும் என்று மற்ற இரண்டு துளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே துளை வைத்த டிவி என்றால் பின்னை மாற்ற வேண்டாம், சோர்ஸ் பட்டனை அழுத்தி ‘கம்போனென்ட்’டிலிருந்து மஞ்சளுக்கான ‘ஏவி’க்குப் போங்கள்.

கே: அம்மா வீட்டில் பழைய டியூப் டிவி. அதில் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போட, ஒரு முனையில் ஹெச்.டி.எம்.ஐ.யும் மறுமுனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று கலர் பின்னும் உள்ள கேபிளை ஆன்லைனில் வாங்கினேன். ஒன்றுமே வரவில்லை. (கோவை வாசகர்)

வராது. ஒரு பக்கம் டிஜிட்டல், மறுபக்கம் அனலாக். நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப் வேண்டும், அந்தச் சிப்புக்குக் கரண்ட் வேண்டும். வெறும் கம்பியை இரண்டு முனையிலும் பற்றவைத்து விற்கிறார்கள். எனக்குத் தெரிந்து எந்த ஸ்டிக்கிலும் இது வேலை செய்ததில்லை, முடிந்தால் திருப்பிக் கொடுங்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கன்வெர்ட்டர் டப்பா கிடைக்கும். மேலே எந்தத் திசை என்று அச்சிட்டிருக்கும்: உங்களுக்கு வேண்டியது ‘ஹெச்.டி.எம்.ஐ. டு ஏவி’. ‘ஏவி டு ஹெச்.டி.எம்.ஐ.’ டப்பாவும் பார்க்க அச்சு அசலாக அதே மாதிரிதான் இருக்கும். நானே ஒரு முறை மாற்றி வாங்கி, அரைமணி நேரம் டிவியைத் திட்டியிருக்கிறேன். டப்பாவுக்குக் கரண்ட் தரும் யுஎஸ்பி வயரை ஒரு பழைய செல்போன் சார்ஜரில் செருகுங்கள். படம் வந்தாலும் மெனு எழுத்துகள் பொடியாக இருக்கும், அம்மா கண்ணாடியைத் தேடுவார்.

கே: 200 ரூபாய் கேபிளா, 3,000 ரூபாய் தங்க முலாம் கேபிளா? (சென்னை வாசகர்)

செட்டாப் பாக்ஸுக்கும் டிவிடிக்கும் 200 ரூபாய் போதும். ஹெச்.டி.எம்.ஐ.யில் நிறம் ‘இன்னும் கொஞ்சம் செழிப்பாக’ வருவது என்று ஒன்று கிடையாது. சிக்னல் சரியாக வந்தால் படம், தடுமாறினால் வெள்ளைப் பொறிகள், அதற்கும் மேல் போனால் இருட்டு. தங்கம் கறுக்காது, கடற்கரை ஓரம் இருப்பவர்களுக்கு அந்த மட்டும் லாபம். அதற்கு 3,000 ரூபாய் வேண்டியதில்லை. 4கே ஸ்டிக், கேம் கன்சோல் என்றால் மட்டும் பெட்டியைப் படியுங்கள். ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்றால் நொடிக்கு 18 ஜிகாபிட், ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்றால் 48. ‘வெர்ஷன் 2.1 கேபிள்’ என்று மட்டும் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். வெர்ஷன் கருவிக்குத்தான், கேபிளுக்கு இல்லை.

கே: புரொஜெக்டருக்குச் சுவருக்குள் 12 மீட்டர் இழுக்க வேண்டும். (மதுரை வாசகர்)

4கே என்றால் சாதாரணச் செம்புக் கேபிள் அவ்வளவு தூரம் தாங்காது. சிக்னலை ஒளியாக மாற்றி மெல்லிய இழையில் அனுப்பும் ஆப்டிகல் ஹெச்.டி.எம்.ஐ. வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு, ஒரு முனை ‘சோர்ஸ்’, மறுமுனை ‘டிஸ்ப்ளே’. கொத்தனார் பூசுவதற்கு முன்னால் இரண்டு முனையையும் செருகிப் படம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.