தால்ஹைம் குழியும் ஒரு வாய்ச்சியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆதி உழவர்கள் அமைதியானவர்கள் என்றே படித்து வந்தேன். ஜெர்மனியின் தால்ஹைமில் கிடைத்த படுகொலைக் குழியைப் பற்றி அண்மையில் அறிந்தது முதல் குழப்பமாக இருக்கிறது. வேட்டையாடித் திரிந்த காலம்வரை சண்டையை அறியாத மனிதன், நிலம் கைக்கு வந்த பிறகுதான் போரைக் கற்றானா? வெறும் 34 எலும்புக்கூடுகளை வைத்து ஒரு யுகத்தையே எடைபோடலாமா என்றும் தோன்றுகிறது.

க.

அன்புள்ள க.,

சில வாரங்களாக நானும் அந்தக் குழியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கான விடை சிறியது. சூடானின் ஜெபல் சஹாபா இடுகாட்டில் கிடப்பவர்கள் உழவு தோன்றுவதற்கு முன்பே வாழ்ந்தவர்கள். அவர்களில் பலருடைய எலும்புகளில் அம்பும் ஈட்டியும் பாய்ந்த காயங்கள் இருக்கின்றன. பழைய காயம் ஆறிய பிறகு மீண்டும் தாக்கப்பட்டவர்களும் உண்டு. ஆகவே சண்டையை நிலத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் 'வெறும்' என்று எழுதினீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. 1983-இல் வெளிப்பட்ட அந்தக் குழியின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதற்குள் 34 பேர். அவர்களில் 16 பேர் குழந்தைகளும் சிறுவர்களும். சிறிய குடியிருப்பு ஒன்றில் அன்று இருந்தவர்கள் அனைவருமே இவர்களாக இருக்கலாம். ஒரு ஊரே அழிந்ததை மாதிரிக் கணக்கெடுப்பின் எண்ணிக்கையைப் போலக் குறைத்துப் பேசுவதற்கு உங்களுக்கு எப்படி மனம் வந்தது? யுகத்தை எடைபோடுவது இருக்கட்டும், முதலில் அந்தக் குழியைப் பாருங்கள்.

பெரும்பாலோர் தலையில் அடிபட்டு இறந்தார்கள், அதுவும் பின்னாலிருந்து. மண்டையோட்டுத் துளைகளின் வடிவத்தைக் கொண்டு ஆயுதத்தையும் கண்டுகொண்டார்கள். அது செருப்புத் தைப்பவரின் மர அச்சைப் போல நீண்டு ஒருபுறம் புடைத்த கல்வாய்ச்சி. காட்டு மரத்தைச் செதுக்கி, இருபது முப்பது மீட்டர் நீளத்துக்கு வீடுகள் எழுப்ப அவ்வுழவர்கள் நாள்தோறும் கையில் எடுத்த கருவி. அதற்கான கல்லைப் பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள, இன்றைய செக் நாட்டின் வட பொஹீமிய மலைகளிலிருந்து வரவழைத்தவர்களும் உண்டு.

எங்கள் வீடு கட்டப்பட்டபோது தச்சர் ஒருவர் இரண்டு மாதம் கொல்லையில் அமர்ந்து வேலை செய்தார். உத்தரத்தை இரு பாதங்களுக்கு நடுவே கிடத்தி, கால் கட்டைவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளி வாய்ச்சியை இறக்குவார். உள்ளங்கை அகலத்துக்குச் செதில்கள் சுருண்டு விழும். நான் ஒருமுறை அதை எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டு, "அதன் வாய்க்கு முன்னால் நிற்காதே, தம்பி" என்றார். தால்ஹைமின் மண்டையோட்டுப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் கேட்கிறது. மரத்தின் எந்தப் பக்கத்தில் எவ்வளவு ஓங்கினால் எவ்வளவு பிளக்கும் என்று அறிந்த கைகள்தாம் அந்தத் தலைகளின் மீதும் இறங்கின.

அக்கருவி அவ்வுழவர்களுக்கே உரியது என்பதால், கொன்றவர்கள் வேற்று நிலத்து வேட்டைக்கூட்டத்தினராக இருக்க வாய்ப்பு குறைவு. அதே விதையை விதைத்து, பானையில் அதே கோடுகளைக் கீறிய அண்டை ஊர்க்காரர்கள். இவ்வுழவர்களின் பண்பாடு மத்திய ஐரோப்பாவில் பரவத் தொடங்கியது கி.மு. 5500 வாக்கில், இத்தகைய குழிகளோ அதன் இறுதிக்காலமான கி.மு. 5000-ஐ ஒட்டியே திரள்கின்றன. எனவே உழவோடு கூடவே பிறந்த குணம் என்றும் இதைச் சொல்லிவிட முடியாது. ஏதோ ஒரு நெருக்கடி முற்றியிருக்கிறது.

பிராங்க்ஃபர்ட்டுக்கு அருகே கிலியான்ஷ்டேட்டனில், 2006-இல் சாலை வேலையின்போது இத்தகைய இன்னொரு குழியில் குறைந்தது 26 பேரின் எலும்புகள் கிடைத்தன. பாதிக்கும் மேற்பட்ட கீழ்க்கால் எலும்புகள் இறப்பை ஒட்டிய நேரத்தில் முறிக்கப்பட்டிருந்தன. பத்துக் குழந்தைகள் ஆறு வயதைக்கூட எட்டவில்லை. இளம்பெண்களை மட்டும் காணவில்லை. அவர்களைக் கொண்டுபோயிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நீங்கள் 'வெறும்' என்று எண்ணுகிற கணக்கில் அந்தப் பெண்கள் எந்த வரியில் வருவார்கள்?

கடுமையாக எழுதிவிட்டேன்; அக்கறையோடுதான் கேட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இவ்வுழவர்கள் இறந்தவரைப் பெரும்பாலும் இடப்பக்கமாக ஒருக்களித்து, உறங்கும் பிள்ளையைப் போல முழங்காலை மடக்கிக் கிடத்துவார்கள். அருகில் பானை வைப்பார்கள், ஆண்களுக்குப் பல சமயம் அதே கல்வாய்ச்சியையும் வைப்பார்கள். தால்ஹைமில் உடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, கையும் காலும் பின்னிக் கிடந்தன. பக்கத்தில் எதுவும் வைக்கப்படவில்லை.