அம்மாவைப் பேச விடுங்கள்

கேள்வி: பாரிஸை அடுத்த லா கூர்னெவ் நகரில் வசிக்கிறேன். சனிக்கிழமைகளில் பன்னிரண்டு தமிழ்ப் பெண்களுக்கு இலவசமாகப் பிரெஞ்சு கற்பிக்கிறேன். வினைத்திரிபுகளை மனப்பாடமாகச் சொல்லும் அவர்கள், ரொட்டிக்கடையில் வாய் திறப்பதில்லை. புத்தகத்தை மூடிவிட்டு நிஜமான உரையாடல் வழியாகக் கற்பித்துப் பார்த்தேன், அப்போதும் மௌனம்தான். போன சனிக்கிழமை அம்மாவை மருத்துவரிடம் கூட்டிச் சென்றதால் வகுப்புக்குச் சற்றுத் தாமதம். வழக்கம்போல் அவருக்காக நானே பேசியதால் நல்ல வேளையாகச் சீக்கிரம் முடிந்தது. அம்மா இங்கு வந்து 26 ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பெண்களைப் பேச வைப்பது எப்படி?

பதில்: பன்னிரண்டு பெண்களின் மௌனத்தைப் பற்றிக் கவலைப்படும் நீங்கள், பதின்மூன்றாவது பெண்ணின் மௌனத்தை 'நல்ல வேளை' என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு நல்ல வேளை?

அந்த அறையில் நடந்ததை நான் பார்க்காமலே சொல்வேன். எப்போதிலிருந்து வலிக்கிறது என்று மருத்துவர் உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டிருப்பார். அவர் சொல்லைத் தேடி மூச்சை இழுப்பதற்குள் பதில் உங்களிடமிருந்து வந்திருக்கும். அடுத்த கேள்விக்கு மருத்துவரின் பார்வை உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். கைப்பையிலிருந்து கார்த் வித்தால் என்னும் மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்து நீட்டியதோடு அம்மாவின் பங்கு முடிந்தது. மகளின் வாய் வழியாகச் சொல்ல முடியாத உபாதைகள் அந்த வயதுப் பெண்ணுக்கு உண்டு என்பதை எப்போதாவது நினைத்தீர்களா? அவற்றை அவர் அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார். பெற்றவளுக்குச் செய்யும் கடமை என்று இதற்கு நீங்கள் பெயர் வைத்திருக்கலாம். நான் அவசரம் என்பேன்.

இதே அவசரம் உங்கள் வகுப்பிலும் இருக்கிறது. நீங்கள் கடைக்காரராக நின்று கேள்வி கேட்டு, மூன்று விநாடி பொறுத்து, வாடிக்கையாளரின் பதிலையும் நீங்களே சொல்லியிருப்பீர்கள். கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அரைகுறையாக ஒரு வாக்கியம் வந்தால் நடுவில் மறித்துத் திருத்தாதீர்கள். முழுதும் கேட்டபின், உங்கள் மறுமொழியில் சரியான வடிவத்தை வைத்துப் பேசுங்கள்.

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அரிசி முதல் நகை வரை தமிழிலேயே வாங்கிவிடலாம் என்பதால் 26 ஆண்டுகள் கழிந்ததில் எனக்கு வியப்பில்லை. பாரிஸின் சிறந்த பகெத்துக்கான (நீள ரொட்டிக்கான) பரிசை 2023இல் வென்றவரே நம்மவரான தர்ஷன் செல்வராஜா. சுடுவதற்குக் கை வந்த நமக்கு, கேட்டு வாங்குவதற்கு வாய் வரவில்லை. தவிர, 2026 ஜனவரி முதல் பத்தாண்டு வதிவிட அட்டையை முதன்முறை கேட்பவருக்குப் பிரெஞ்சில் பி1 என்னும் இடைநிலைத் தேர்ச்சியும், குடியுரிமைக்கு அதற்கு அடுத்த பி2 நிலையும் வேண்டும் என்றாகிவிட்டதால், தேர்வுக்குப் பயந்து எல்லோரும் புத்தகத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். தேர்விலும் வாயைத் திறக்கத்தான் வேண்டும்.

'இனி இல்லை, தீர்ந்துவிட்டது' என்பதற்குப் புத்தகம் 'இல் நியான்னா ப்ளூ' என்று நிறுத்திச் சொல்வதை, ரொட்டி தீர்ந்துபோன கடைக்காரப் பெண் 'யான்னா ப்ளூ' என்று பாதியை விழுங்கிவிட்டுச் சொல்கிறாள். தாம் படித்த பிரெஞ்சே இல்லை இது என்று உங்கள் மாணவி அங்கேயே ஊமையாகிறாள். ஆகவே பேச்சில் விழுங்கப்படும் வடிவங்களைக் காதுக்குப் பழக்குங்கள். புரியாதபோது 'மெல்லச் சொல்லுங்கள்', 'இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று கேட்கும் வாக்கியங்களை முதல் பாடமாக வையுங்கள். 'த்யூ', 'வூ' வேறுபாட்டுக்கு ஒரு மணி நேரத்தை வீணாக்க வேண்டாம். நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். பிள்ளையின் பள்ளியிலிருந்து வந்த கடிதம், மருந்துப் பெட்டி என அந்த வாரம் அவர்களைத் திணறடித்த பொருளைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பற்றியே பேச வையுங்கள். அக்கறையில்லாத விஷயத்தை எந்த மொழியிலும் யாரும் பேசுவதில்லை.

ஆனால் முதலில் உங்கள் வீடு. அடுத்த முறை மருத்துவரிடம் போவதற்கு முந்தைய வாரம், எங்கே வலி, எத்தனை நாளாக, எப்போது அதிகமாகிறது என்ற மூன்றையும் அம்மாவே தம் வாயால் சொல்லிப் பழகட்டும். அன்று நீங்கள் காத்திருப்பு அறையிலேயே உட்காருங்கள். பரிசோதனை முடிவையோ மருந்து அளவையோ மருத்துவர் விளக்கும்போது அம்மா கூப்பிட்டால் மட்டும் உள்ளே போங்கள். வகுப்பு அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கினால் தொடங்கட்டும். வரும்போது அம்மாவையும் கூட்டிவந்து மற்றவர்களோடு உட்கார வையுங்கள்.